சேவல் வேண்டுமா என்று கேட்டாயே

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். நாங்கள் நலம்தான். முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது.

சரி, கோழி விஷயத்துக்கு வருகிறேன். முட்டைக்குத்தானே வளர்க்கப் போகிறேன், சேவல் எதற்கு என்று கேட்டிருக்கிறாய். முட்டை மட்டும் போதுமென்றால் தேவையே இல்லை. சேவல் முகமே பார்க்காத பெட்டையும் முட்டை இடும். அதில் குஞ்சு வராது, அவ்வளவுதான். ஆனாலும் இடம் இருந்தால் ஒன்றை வைத்துக்கொள் என்றுதான் சொல்வேன்.

எங்கள் சேவலை நீ பார்க்க வேண்டும். மண்ணைக் கிளறிப் புழு கிடைத்தால் தான் விழுங்காது. அலகால் எடுத்துக் கீழே போடும், மறுபடி எடுக்கும், 'டுக் டுக் டுக்' என்று கூப்பிடும். பெட்டைகள் விழுந்தடித்து ஓடி வந்து பிடுங்கிக்கொள்ளும். சில சமயம் ஒன்றுமே இல்லாமல் அதே குரலைக் கொடுத்து வரவழைக்கும், திருட்டுப் பயல்! வானத்தில் பருந்து தெரிந்தால் ஒரு குரல், தரையில் நாயோ பூனையோ வந்தால் வேறு குரல். முதல் குரலுக்குப் பெட்டைகள் செடிக்கடியில் பதுங்கும். இரண்டாவதற்குக் கழுத்தை நீட்டி நிமிர்ந்து பார்க்கும். காவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கூவுவதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாய். நியாயம்தான். கூட்டை இருட்டாக வைத்தால் கூவாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஜப்பானில் சேவல்களை இரவும் பகலும் மங்கிய வெளிச்சத்திலேயே வைத்து ஆராய்ந்து 2013-ல் எழுதினார்கள். அப்போதும் அவை நேரம் பார்த்துத்தான் கூவின. உடம்புக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறதாம். அதே ஆட்கள் 2015-ல் இன்னொன்றும் சொன்னார்கள். பல சேவல் இருந்தால் பெரிய ஆள் முதலில் கூவுமாம், மற்றவை அந்தஸ்து வரிசையில் அப்புறம்தானாம். அதனால் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முதலிலேயே பேசிவிடு. அவர்கள் முகம் சுளித்தால் சேவல் ஆசையை விட்டுவிடு.

இரண்டு சேவல் மட்டும் வேண்டாம். ஒரு சேவலுக்குப் பத்துப் பெட்டை என்பது பொதுக்கணக்கு. பெட்டைகள் ரொம்பக் குறைந்தால் சேவல் மிதித்து மிதித்தே அவற்றின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரியும். பார்க்கப் பாவமாக இருக்கும்.

சேவல் இருந்தால் முட்டைக்குள் குஞ்சு இருக்குமோ என்று உன் மனைவி பயப்படுகிறாராமே? அன்றன்றே எடுத்து வைத்துவிட்டால் ஒன்றும் வளராது, சூடு பட்டால்தான் கரு வளரும். குஞ்சு வேண்டுமென்றால், ஏதாவது ஒரு பெட்டை தானாகவே அடைக்கு உட்காரும். கிட்டப் போனால் உப்பிக்கொண்டு உறுமும், அதுதான் அடையாளம். அதற்கு முட்டை வைத்தால் 21 நாள். நடுவில் முட்டைகளைப் புரட்டுகிற வேலையை அதுவே அலகால் செய்துகொள்ளும். நீ தீனியும் தண்ணீரும் பக்கத்தில் வைத்தால் போதும்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதே. வந்த பிறகு அதற்கு மருந்து கிடையாது. கூட்டுக்கு மெல்லிய கோழிவலை வாங்காதே, அது கோழியை உள்ளே வைக்குமே தவிர நாயை வெளியே வைக்காது. கெட்டிக் கம்பி வலையாகப் போட்டு அடியில் கொஞ்சம் மண்ணுக்குள் புதைத்துவிடு.

கடைசியாக ஒன்று, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பொரிப்பதில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். வளர வளர ஒன்றையொன்று கொத்திக்கொண்டு நிற்கும். அத்தனையையும் வைத்துக்கொள்ள முடியாது. விற்பதா, அறுப்பதா, யாருக்காவது கொடுப்பதா என்று வீட்டில் பேசி முடித்துவிட்டு அப்புறம் அடை வை. குஞ்சுக்குப் பேர் வைத்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் உன் பேரனே உன்னை வீட்டை விட்டுத் துரத்திவிடுவான்.

என்ன முடிவு செய்தாய் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்