கோழி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கையின் நகல் வீடு தேடி வரும் என்பதால் அவர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு 6 முறை கூடியது. அதில் 2 முறை போதிய ஆள் வராததால் பொதுவாகப் பேசிவிட்டுக் கலைந்தோம். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் முகாம் 2 முறை நடந்தது. கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து குஞ்சுகளின் ரத்தக் கழிச்சல் பற்றிப் பேசினார். ஈரக் கூளத்தை மாற்றாமல் மருந்தை மட்டும் கேட்டு வராதீர்கள் என்று அவர் கடிந்துகொண்டதையும் பதிவு செய்கிறேன். தீவனம் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டோம். மூட்டை தூக்க 3 பேர் வந்தார்கள்.

சரி, இனி இன்குபேட்டர், அதாவது முட்டை பொரிக்கும் மெஷின்.

அதை வாங்கச் சொன்னது நான்தான், மறைக்கவில்லை. வாங்கியதற்குக் காரணம் இருந்தது. இளவேனில் தொடங்கிப் பகல் நீண்டால் பெட்டைகள் விடாமல் முட்டையிடும். முட்டை கூடை கூடையாகச் சேரும். ஆனால் கோழி நமக்கு வேண்டிய நாளில் அடைக்கு உட்காராது. மெஷின் வாங்குவதற்கு முந்தைய பருவத்தில் "அடைக்கோழி இரவல் கிடைக்குமா?" என்று என்னைக் கேட்டவர்களே இன்று மெஷின் எதற்கு என்று கேட்கிறார்கள்.

முதல் தடவை 48 முட்டை வைத்தோம். முட்டையைத் தானே புரட்டும் வசதி இந்த மெஷினில் இல்லை. தினம் 3 முறை கையால் புரட்ட வேண்டும். புரட்டாமல் விட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டேன். முறை வைத்துப் பெயர் எழுதி, புரட்டியதும் கையெழுத்துப் போட நோட்டும் வைத்தேன். 7 பேர் பெயர் கொடுத்தார்கள். கை தட்டினோம்.

7ஆம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது 9 முட்டை தெளிவாக, வெறுமையாக இருந்தன. 2 முட்டையில் ரத்த வளையம். அதாவது கரு தொடங்கிப் பாதியில் இறந்துவிட்டது. மற்ற 37இலும் சிலந்தி கால் பரப்பியதுபோல் சிவப்பு நரம்புகள், நடுவே ஒரு கரும்புள்ளி. அன்று கூட இருந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. கூட இருந்தவர்கள் 2 பேர்.

அப்புறம் நான் வெளியூர் போக வேண்டி வந்தது. வெள்ளிக்கிழமை மாலை கிளம்பும்போது பெருக்கல் குறி மேலே இருந்தது. திங்கள் காலை வந்து மூடியைத் திறந்தால் 37 முட்டையிலும் அதே பெருக்கல் குறி. தற்செயலாக இருக்கலாம் என்றே முதலில் நினைத்தேன். நோட்டைப் பார்த்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கும் ஆறு கட்டத்திலும் ஒரே பேனா, ஒரே மையில், ஒரே சாய்வில் கையெழுத்து. திங்கள் காலைக் கட்டத்திலும் இருந்தது. செவ்வாய்க்கும் போட்டிருந்தது. பெயர் சொல்லப்போவதில்லை. நோட்டு என்னிடம் இருக்கிறது.

18ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்தி, ஈரப்பதத்தைக் கூட்டி, மூடியைத் திறக்கக் கூடாது என்று தாளில் எழுதி ஒட்டினேன். 20ஆம் நாள் ஓர் உறுப்பினர் தன் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து மூடியைத் திறந்து நிதானமாக வேடிக்கை காட்டியிருக்கிறார். ஓட்டில் கீறல் விழுந்திருந்த 3 முட்டைகளின் உட்சவ்வு காய்ந்து காகிதம் மாதிரி குஞ்சைச் சுற்றி இறுகிவிட்டது. அந்த 3 குஞ்சும் வெளியே வரவில்லை.

மொத்தம் 14 குஞ்சு. அதுவும் 21ஆம் நாளில் அல்ல, 23ஆம் நாளில். அந்தத் தாமதத்தில் என் பங்கும் உண்டு. டிஸ்பிளேயில் 37.5 டிகிரி என்று காட்டியதை அப்படியே நம்பிவிட்டேன். பிறகு காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்தபோதுதான் உண்மையில் ஏறக்குறைய 1 டிகிரி குறைவு என்று தெரிந்தது. சூடு குறைந்தால் பொரிப்பு தள்ளிப்போகும், குஞ்சும் நோஞ்சானாக வரும். முதலிலேயே சரிபார்த்திருக்க வேண்டும். ஆனால் 37 முட்டை 14 ஆனதற்குத் தெர்மாமீட்டர் மட்டுமே காரணம் என்று பொதுக்கூட்டத்தில் பேசப்பட்டதை நான் ஏற்கவில்லை.

அதே நாட்களில் ஓர் உறுப்பினர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டை 12 முட்டையில் 11 பொரித்தது. "மெஷினை விற்றுவிட்டு ஒரு கோழி வாங்குங்கள்" என்றார்கள், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோழிக்குத் தெர்மாமீட்டர் வேண்டாம், நோட்டு வேண்டாம். ஒரு நாளில் எத்தனையோ முறை தானே புரட்டிக்கொள்ளும். ஒரு தடவை எழுந்து போய்த் தின்று, குடித்து, கழிந்துவிட்டு உடனே திரும்பி வரும். நம் முறைப் பட்டியலில் அந்தக் கோழியின் பெயரைத்தான் சேர்த்திருக்க வேண்டும்.

இரண்டாம் தடவை யாரையும் கூப்பிடவில்லை. மெஷினை என் வீட்டுப் பின்னறைக்குக் கொண்டுபோனேன். முட்டை வாங்குவதிலும் கண்டிப்பாக இருந்தேன். ஒரு வாரத்துக்கு மேற்பட்டது, தண்ணீரில் கழுவியது, விரிசல் விட்டது எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். ஒருவர் ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்து வந்தார். இன்னும் கோபமாக இருக்கிறார் என்று கேள்வி. 52 முட்டை வைத்து, 7ஆம் நாள் 7ஐ எடுத்துவிட்டு, மிச்சத்தில் 38 பொரித்தது. கடைசி ஒரு வாரம் என் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

20ஆம் நாள் இரவு ஒரு முட்டையில் மிளகளவு ஓட்டை விழுந்தது. உள்ளே அலகின் நுனியில், முட்டை ஓட்டைக் குத்தி உடைக்கும் அந்த வெள்ளைப் பல் தெரிந்தது. பிறகு மணிக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. "ஓட்டை உரித்து விடுங்களேன், பாவம்" என்று போன் மேல் போன். குஞ்சு சும்மா இருக்கவில்லை. நுரையீரலால் மூச்சு விடப் பழகுகிறது, சவ்விலிருக்கும் ரத்தத்தையும் மஞ்சள் கருவின் மிச்சத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசியும். அந்தக் குஞ்சு மறுநாள் மதியம் ஓட்டைச் சுற்றிக் கீறி மூடி மாதிரி தள்ளிவிட்டு வந்தது. காயும்வரை மெஷினிலேயே விட்டேன். குஞ்சுகளைப் பட்டினி போட்டதாக ஒரு புகார். இழுத்துக்கொண்ட அந்த மஞ்சள் கருவே 2 நாளுக்குத் தாங்கும் என்று அப்போதே சொன்னேன்.

52 குஞ்சில் 3 இறந்தன, மூன்றும் முதல் தடவை பொரித்தவை. மற்றவற்றைப் பிரித்துக் கொடுத்தோம். 7, 8 வாரத்தில் கொண்டை சிவக்கத் தொடங்கியதும் சேவல்கள் திரும்பி வர ஆரம்பித்தன. "பெட்டைதானே கேட்டோம்!" குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாய்க்கோழியின் வயிற்றிலேயே முடிவாகிவிடும். மெஷினில் அதற்குப் பட்டன் கிடையாது. பாதிக்குப் பாதி வருவது இயல்பு. இப்படி வந்த 9 சேவல் இன்று என் வீட்டில் இருக்கின்றன. ஒன்று கூவினால் மற்ற எட்டும் பதில் சொல்லும். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் அவரும் மனிதர்தான்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. மெஷினால் கையிருப்பு குறைந்திருக்கிறது, ஆனால் கவலைப்படும் அளவில் இல்லை. 2 ரசீது கிடைக்கவில்லை. இரண்டும் நியாயமான செலவுதான் என்று பொருளாளரும் நானும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

சந்தா கட்டியவர்கள் 34 பேரில் 15 பேர். குஞ்சு வாங்கியவர்கள் 22 பேர். இதற்கு மேல் நான் கணக்குப் போடவில்லை, வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம். பிரித்துக் கொடுத்த அன்று காலையில் முதலில் வந்து நின்ற 4 பேரும் அந்த 15 பேரில் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

தலைவருக்கும் பொருளாளருக்கும் மருத்துவருக்கும் மூட்டை தூக்கிய மூவருக்கும் டார்ச் பிடித்த இருவருக்கும் நன்றி. என் வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் நீடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. யாராவது முன்வந்தால் நோட்டையும் பேனாவையும் இன்றே கொடுத்துவிடுவேன். யாரும் முன்வராத பட்சத்தில், சங்கம் வற்புறுத்தினால், யோசிக்கலாம். அப்படியானால் தானே புரட்டும் தட்டு ஒன்று வாங்க வேண்டும். அதற்குப் பாக்கிச் சந்தாவில் பாதி வந்தாலே போதும். பகல் நீளத் தொடங்க இன்னும் அதிக நாளில்லை.

மெஷின் இப்போது துணி போர்த்தி என் பின்னறையில் இருக்கிறது. தன் வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பும் உறுப்பினர் எந்த நேரமும் வந்து எடுத்துப்போகலாம். வரும்போது கூடை கொண்டுவரவும், சேவல்களும் கூடவே வரும்.

இப்படிக்கு,
செயலாளர்