கல்லூரிக் கட்டண உதவி: மனு வாங்குவோர் கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். நம் குடும்ப அறக்கட்டளையின் கல்வி உதவிக்கு ஊர்ப் பிள்ளைகளிடம் மனு வாங்கும்போது மதிப்பெண் சான்று, வருமானச் சான்று, கல்லூரி தந்த கட்டண விவரம் ஆகியவற்றின் நகல்களை வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டணத்தைக் கல்லூரிக் கணக்கிலேயே செலுத்த வேண்டும். பணம் அனுப்பும் குறிப்பில் மாணவர் பெயரும் சேர்க்கை எண்ணும் கட்டாயம். எண் விட்டுப்போனால் பணம் யார் பெயரிலும் வரவு வைக்கப்படாமல் நிற்கும். பிள்ளை கட்டணம் பாக்கி என்று அலுவலக வாசலில் நிற்க வேண்டிவரும். ரசீது கைக்கு வரும்வரை கோப்பை மூடாதீர்கள்.

புத்தகம், விடுதிச் செலவு மட்டும் மாணவரின் வங்கிக் கணக்குக்கு. பள்ளி நாளில் தொடங்கிய கணக்கில் 2 ஆண்டுக்கு மேல் வரவு செலவு இல்லையென்றால் முடங்கியிருக்கும். பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மாணவர் வங்கிக்குப் போய் கேஒய்சி (அடையாள, முகவரி விவரம்) புதுப்பித்த பிறகே அனுப்புவோம்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களிடம் தமிழக அரசின் புதுமைப்பெண் (மாணவியருக்கு), தமிழ்ப்புதல்வன் (மாணவருக்கு) திட்டங்களுக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று கேளுங்கள். மாதம் ரூ.1,000 வரும். அதற்காக நம் உதவியைக் குறைக்க வேண்டாம், பேருந்துச் செலவுக்காவது ஆகும்.

நன்கொடை தருவோர் ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிவிலக்கு கிடைக்காது. வங்கி வழியாகவே வாங்குங்கள், பான் எண்ணோடு.