நவூருவின் கதையில் விடுபட்ட மனிதர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பசிபிக் தீவு நாடுகளைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற மாதம் வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். அதில் நவூருவுக்கு ஒதுக்கப்பட்ட ஒரே பத்தி, திடீரெனச் செல்வம் சேர்ந்து அதை ஊதாரித்தனமாகத் தொலைத்த தீவு என்ற அளவில் முடிந்துவிடுகிறது. அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஹாமர் டிரோபர்ட்டின் பெயர்கூட அதில் இடம்பெறவில்லை. அவரை விட்டுவிட்டு எழுதினால் பழி முழுவதும் அத்தீவின் மக்கள்மீதே விழுகிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மண் பரிசோதனை நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மணிச்சத்து (பாஸ்பரஸ்) பற்றாக்குறை என்று அறிக்கை எழுதி, அடியுரமாகச் சூப்பர் பாஸ்பேட் இடச் சொல்வது என் அன்றாட வேலையாக இருந்தது. சாம்பல் நிறத்தில், கையில் எடுத்தால் புளித்த அமில நெடி ஒட்டிக்கொள்ளும் அந்த உரம், எங்கிருந்தோ தோண்டி எடுத்த பாறையில் கந்தக அமிலம் சேர்த்து ஆக்கப்பட்டது. அந்தப் பாறை யாருடைய நிலத்திலிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோதுதான் டிரோபர்ட்டைப் பற்றி அறிந்தேன்.

நவூருவின் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். இந்த உரத்துக்கு மூலப்பொருளான பாறைதான் பாஸ்பேட்; அங்குள்ள பாஸ்பேட் உலகிலேயே மிகத் தரமானவற்றுள் ஒன்று. ஜெர்மானியர் ஆட்சியில் தொடங்கிய சுரங்கவேலை, முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் சேர்ந்து அமைத்த ஆணையத்தின் கைக்குப் போனது. பாஸ்பேட்டில் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் 42 விழுக்காடு வீதமும், நியூசிலாந்துக்கு 16 விழுக்காடும் பங்கு என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். நிலத்துக்கு உரியவர்களுக்கு அந்தக் கணக்கில் பங்கு கிடையாது. சிறு உரிமத்தொகை மட்டுமே கிடைத்தது. உலகச் சந்தை விலைக்குக் குறைவாகவே அந்தப் பாறை ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்குச் சென்றது.

டிரோபர்ட் 1922-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் தீவைக் கைப்பற்றிய ஜப்பானியர், ஏறக்குறைய 1200 நவூருவாசிகளைப் பசிபிக்கிலேயே உள்ள ட்ரூக் தீவுகளுக்குக் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். அவர்களுள் இவரும் ஒருவர். பட்டினியிலும் நோயிலும் பலர் மடிய, 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியவர்கள் சுமார் 740 பேர்தான். அந்தத் தேதியை அவர் மறக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் படித்து ஆசிரியராகப் பணியாற்றிய அவர், 1956-இல் நவூருவின் உள்ளாட்சி மன்றத்துக்குத் தலைவரானார்.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளை, இன்னும் நிறைய எழுதப்பட்டிருக்க வேண்டிய காலம் என்று நான் கருதுகிறேன். பாஸ்பேட் தீர்ந்துவிட்டால் தீவில் வாழ முடியாது என்று காரணம் காட்டி, குவீன்ஸ்லாந்துக் கரையோரம் உள்ள கர்ட்டிஸ் தீவில் மொத்த மக்களையும் குடியேற்ற ஆஸ்திரேலியா முன்வந்தது. அங்கே போனால் ஆஸ்திரேலியக் குடிமக்களாகலாம், ஆனால் தனி மக்களாகத் தம்மைத் தாமே ஆண்டுகொள்ள முடியாது என்பதை உணர்ந்த நவூரு, 1964-இல் அதை மறுத்தது. பின்னர் நடந்த பேச்சுவார்த்தைகளில், வெளியுறவும் பாதுகாப்பும் தங்களிடமே இருக்கட்டும் என்று ஆட்சியாளர்கள் கேட்டபோதும் டிரோபர்ட் இணங்கவில்லை. சுரங்கத்தின் எந்திரங்களையும் கட்டுமானங்களையும் 21 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து வாங்கிக்கொள்வதாக 1967-இல் உடன்பாடு செய்துகொண்டார். தம் மண்ணைத் தோண்டிய எந்திரங்களை, அதே மண்ணை விற்றுவந்த பணத்தால் விலைகொடுத்து மீட்க வேண்டியிருந்தது. 1970-இல் சுரங்கம் முழுவதும் நவூருவின் கைக்கு வந்தது. ட்ரூக்கிலிருந்து திரும்பிய அதே ஜனவரி 31-ஆம் நாளில், 1968-இல், நவூரு சுதந்திர நாடானது.

இந்தியாவுக்கும் இதில் தொடர்பு உண்டு. டிரோபர்ட் தலைவராக இருந்த 1981-இல், இந்திய அரசும் நவூரு குடியரசும் கூட்டாகப் பாராதீப் பாஸ்பேட்ஸ் உர நிறுவனத்தை ஒடிசாவில் நிறுவின. பாறையை விற்பதோடு நில்லாமல், அது உரமாகும் ஆலையிலும் பங்கு வேண்டும் என்ற முயற்சியாகவே அதை நான் பார்க்கிறேன்.

அவர்மீது குறை இல்லை என்று நான் வாதிடவில்லை. பதினெட்டே உறுப்பினர்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் அதிகாரத்தை நீண்டகாலம் தம்மிடமே வைத்திருந்தார். 1976-இல் பதவியிழந்து 1978-இல் திரும்பினார். 1986-இல் மீண்டும் பதவி போவதும் வருவதுமாக இருந்தது. 1989-இல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் விலகினார். சில ஆயிரம் பேருக்குப் பொருந்தாத விமான நிறுவனம், மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் என்று பணம் செலவாகத் தொடங்கியது அவர் காலத்தில்தான். சுதந்திரத்துக்குப் பின் தோண்டப்பட்ட நிலத்தைத் திருத்துவதற்கும் அவர் போதிய வழி செய்யவில்லை. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் தோண்டப்பட்ட பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சுதந்திரத்துக்கு முன்பே அந்த மூன்று அரசுகளின் ஆணையம் தோண்டியது. பாஸ்பேட் மண் பவளப்பாறைத் தூண்களுக்கு இடையே படிந்திருப்பது. அதை வழித்தெடுத்தபின் ஆளுயரத்துக்கும் மேலான வெள்ளைத் தூண்கள் மட்டுமே நிற்கும். அங்கே விதைக்கவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது. அந்தப் பங்கை யார் திருத்துவது என்று கேட்டு டிரோபர்ட் அரசு 1986-இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. இலங்கையின் சட்ட அறிஞர் வீரமந்திரி அதன் தலைவராக இருந்தார். அந்தப் பொறுப்பு முன்பு ஆட்சி செய்த அரசுகளுக்கே என்று குழு கண்டது. ஆஸ்திரேலியா ஏற்காததால், 1989 மே மாதம் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் நவூரு வழக்குத் தொடுத்தது. சில ஆயிரம் பேர் வாழும் நாடு, தன்னை நிர்வகித்த அரசையே அங்கே நிறுத்தியது. வழக்கை ஏற்கக் கூடாது என்று ஆஸ்திரேலியா எழுப்பிய தடைகள் பெரும்பாலும் தள்ளப்பட்டு, அதை விசாரிக்கலாம் என்று 1992 ஜூன் 26 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தொன்பது நாள் கழித்து, ஜூலை 15 அன்று, மெல்போர்னில் டிரோபர்ட் காலமானார். மறு ஆண்டு, விசாரணைக்கு நில்லாமல், 107 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் தர ஆஸ்திரேலியா ஒப்புக்கொண்டது.

தங்கள் கட்டுரையாளர் நவூருவைப் பற்றி மீண்டும் எழுதினால், கணக்கை 1968-இலிருந்து தொடங்காமல் அதற்கு முன் ஏற்றிச் செல்லப்பட்ட பாஸ்பேட்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண்மை அலுவலர்,
மன்னார்குடி.