ஒரு லயத்தையாவது விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் தனிவீடுகள் கட்டி முடிந்துவிட்டன. தொழிலாளர்களுக்காகக் கட்டிய, பத்துக் காம்பரா (அறை) வரிசையான பழைய லயத்தைச் சித்திரைக்குப் பிறகு இடிக்கப் போகிறார்களாம். நான் பிறந்தது அதன் ஏழாம் காம்பராவில். ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தோம். அடைமழையில் தகரம் ஒழுகும். அம்மா விடியவிடியச் சட்டி மாற்றி வைப்பார். அந்த வாழ்க்கை இன்னொரு பிள்ளைக்கு வேண்டாம். எல்லாக் குடும்பமும் 7 பேர்ச்சஸ் காணியில் சொந்த வீட்டுக்குப் போகட்டும். ஆனால் லயம் முழுவதையும் தரைமட்டமாக்கத்தான் வேண்டுமா?

போன மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்ட அன்று, எங்கள் இளைஞர்கள் அந்த லயத்து இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) வீட்டுக்கு வீடு கேட்டு வாங்கிய சாமான்களைப் பரப்பி வைத்தார்கள். கொழுந்துக் கூடை, கொழுந்தை மட்டமாகப் பறிக்க வைக்கும் மட்டக்கம்பு, செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி, பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) ஆள் கூப்பிட அடித்த தப்புப் பறை. ஒரு பாட்டி கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட அவருடைய அண்ணன் தமிழ்நாட்டு மண்டபம் முகாமிலிருந்து போட்டது. யாரையும் தொட விடவில்லை. தன் கையிலேயே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசித்துக் காட்டச் சொன்னார். முப்பது வருடம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த சரித்திரம் அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்குப் புரிந்தது.

அதற்கு முந்தைய இரண்டு ஞாயிறும் ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சிரமதானம். ஊற்றுக்கண்ணை அடைத்திருந்த பொலித்தீனையும் இலைச்சேற்றையும் சாக்குச் சாக்காக அள்ளினோம். அடியில், பெரியவர்கள் கட்டிய கருங்கல் கட்டு ஒரு கல் கூட அசையாமல் இருந்தது! இப்போது மணிக்கட்டுப் பருமனுக்குத் தண்ணீர் விழுகிறது. குழாய் நின்றால் இருபது குடும்பம் அங்கேதான் பிடிக்கிறது.

கீழ்க்கணக்கில் முன்பு ஒரு லயத்தை இடித்தபோது, செதுக்கிய கல், கதவு, பலகை அத்தனையையும் ஓடையில் தள்ளினார்கள். மண் சரியும் இந்த மலையில், அந்தக் கல்லைக்கொண்டு எத்தனை வீட்டுக்குப் பின்னால் தடுப்புச்சுவர் எழுப்பியிருக்கலாம்! இன்றும் அந்த ஓடையைத் தாண்டும்போது வயிறு எரிகிறது.

1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தைய கட்டடங்களைத்தான் தானாகவே புராதனச் சின்னமாகக் கொள்கிறது. எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்ததே 1820களில். ஆகவே லயத்தை நாங்களாகக் கேட்டுத்தான் காப்பாற்ற வேண்டும். துரைமார் பங்களாக்கள் சுற்றுலா விடுதிகளாகிப் பத்திரமாக இருக்கின்றன. கம்பளைக்கு அருகே ஒரு பழைய லயம் 2007 முதல் தொழிலாளர் அருங்காட்சியகமாக இயங்குகிறது. மலையகம் முழுவதற்கும் அது போதுமா?

தோட்ட நிர்வாகத்தையும் வீடமைப்பு அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறேன்: ஆறாம், ஏழாம் காம்பராக்களை இஸ்தோப்போடு விட்டுவையுங்கள். மற்றவற்றின் கல்லைப் புது வீடுகளின் தடுப்புச்சுவருக்குக் கொடுங்கள். கூரை மாற்றவும் சாமான்களைப் பராமரிக்கவும் இளைஞர்கள் தயார். அவர்களோடு நானும் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை,
பொகவந்தலாவை.