செல்ஃபி பங்கேற்பு ஆகுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பல்லூடகக் கலை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நான்கு சுவர்களிலும் தரையிலும் புகழ்பெற்ற ஓவியங்களை புரொஜெக்டரில் ஓடவிட்டு, நடுவே மக்களை உலவவிடும் காட்சிகளைப் 'பார்வையாளர் பங்கேற்புக் கலை' என்று கட்டுரையாளர் புகழ்ந்திருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே நாம் போனாலும் போகாவிட்டாலும் அதே படம் அதே வரிசையில்தான் ஓடும். அதன்முன் நின்று செல்ஃபி எடுப்பதைப் பங்கேற்பு என்று எப்படிச் சொல்வது?

உண்மையான பங்கேற்பு எப்படியிருக்கும் என்பதற்குச் சில உதாரணங்கள் சொல்கிறேன். 1963-ல் ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் கொரியக் கலைஞர் நம் ஜூன் பைக் ஒலிநாடாக்களை வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்தார். பார்க்க வந்தவர் டேப் ரிக்கார்டரில் நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் பாகமான 'ஹெட்'டைக் கையில் பிடித்து நாடாமேல் இழுத்தால்தான் சத்தம் வரும். எந்த வேகத்தில், எந்தத் திசையில் இழுக்கிறார் என்பதைப் பொறுத்து ஒலி மாறும்.

மெக்சிகோவில் பிறந்த கலைஞர் ரஃபேல் லொசானோ-ஹெம்மரின் 'பல்ஸ் ரூம்' (நாடித்துடிப்பு அறை) என்ற படைப்பு 2006-ல் வந்தது. மறு ஆண்டு இத்தாலியில் நடந்த வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் அதற்கு 100 குண்டு பல்புகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். சென்சார் பொருத்திய கைப்பிடியை ஒருவர் பற்றியதும் அருகிலுள்ள பல்பு அவருடைய நாடித்துடிப்பின்படி விட்டுவிட்டு எரியும். கையை எடுத்தால் அறை முழுவதும் ஒரு கணம் இருண்டு, எல்லாத் துடிப்புகளும் ஒவ்வொரு பல்பு தள்ளிப்போகும். புதியவர் ஒருவர் வர, வரிசையின் கடைசியில் இருந்தவரின் துடிப்பு அழிந்துவிடும். முன்பின் அறியாதவர்களின் உயிர்த்துடிப்புகள் அக்கம்பக்கமாக மின்னும் அந்த அறை, மக்கள் வராவிட்டால் வெறும் பல்புத் தோரணம்தான்.

இன்னொன்றையும் கட்டுரை தொடவில்லை. பங்கேற்பவருக்குப் பொறுப்பும் உண்டு. 1964-ல் ஜப்பானின் கியோட்டோவில் ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ முதன்முதலில் நிகழ்த்திய 'கட் பீஸ்' என்ற மேடை நிகழ்வில் அவர் மேடையில் அசையாமல் அமர்ந்திருப்பார். எதிரே ஒரு கத்தரிக்கோல். பார்வையாளர்கள் ஒவ்வொருவராக ஏறிவந்து அவருடைய உடையில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு போகலாம். 1965-ல் நியூயார்க்கில் எடுத்த படப்பதிவு இருக்கிறது. சிலர் தயங்கித் தயங்கி ஓரத்தில் சிறு துண்டு வெட்டுகிறார்கள். ஓர் இளைஞர் உள்ளாடையின் பட்டைகளையே கத்தரிக்கிறார். ஓனோ கைகளால் மார்பை மூடிக்கொள்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எவ்வளவு வெட்டுவது என்று முடிவெடுத்தவர் அந்த இளைஞர்தானே! இந்தச் சங்கடத்தை எந்தப் புரொஜெக்டர் காட்சி தரும்?

தொழில்நுட்பம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'பல்ஸ் ரூம்' முழுக்க முழுக்கத் தொழில்நுட்பம்தான். ஆனால் டிக்கெட் விலை, திரையின் அளவு, கூட்டம் இவற்றைப் பற்றி மட்டும் எழுதினால் வாசகருக்குக் கலை பற்றி ஒன்றும் தெரியவராது. பார்வையாளர் அங்கே என்ன செய்தார், அதனால் படைப்பில் என்ன மாறியது என்ற இரண்டையும் தங்கள் கட்டுரையாளர்கள் இனி அவசியம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
மதுரை