கரண்ட் போனால் கணக்கே அழியும் பில்லிங் மென்பொருள்: புகார் கடிதம்

அனுப்புநர்: மருந்து மொத்த விற்பனைக் கடை உரிமையாளர், திண்டுக்கல்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வேகத்துக்காகத் தரவுப் பாதுகாப்பை நிறுத்தியதால் கணக்குக் கோப்பு சிதைந்தது.

ஐயா, வணக்கம்.

போன வாரம் பில் போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் தாங்கவில்லை. மறுபடி கணினியைப் போட்டால் உங்கள் மென்பொருள் திறக்கவில்லை. 'டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்ட்', அதாவது தரவுக் கோப்பு சிதைந்துவிட்டது என்று ஒரு வரி மட்டும் வந்தது. பாதியில் நின்ற பில் மட்டும் போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை, இன்னொரு முறை போட்டுக்கொள்வோம். ஆனால் போனது முழுக் கோப்பு. எந்த பேட்ச் எப்போது காலாவதியாகிறது, எந்தக் கடை எவ்வளவு பாக்கி, எல்லாம் அதற்குள்தான். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் நான் வைத்திருக்க வேண்டிய கணக்கு அது.

உங்கள் சேவைப் பிரிவில் பேசிய தம்பி முதலில் "நல்ல யுபிஎஸ் வாங்குங்க சார்" என்றார். விடாமல் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கடைகளில் பில் சேவ் ஆக நேரமாகிறது என்று புகார் வந்ததாம். அதனால் அப்டேட்டில், கணக்குக் கோப்பைக் கையாளும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் 'சிங்க்ரனஸ்' அமைப்பை ஆஃப் செய்து, ஜர்னலையும் மெமரிக்கு மாற்றிவிட்டார்களாம்.

இதன் விளைவு எஸ்க்யூலைட் ஆவணத்திலேயே தெளிவாக இருக்கிறது. சிங்க்ரனஸ் ஆஃப் என்றால், தரவை இயங்குதளத்திடம் கொடுத்ததோடு சரி. அது டிஸ்க்கில் இறங்கியதா என்று காத்திருக்காது. மின்சாரம் போனால் கோப்பு சிதையலாம். பாதியில் நின்ற மாற்றத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத்தான் ஜர்னல். அதை மெமரியில் வைத்தால் கரண்டோடு அதுவும் போய்விடும். இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டு, பழியை யுபிஎஸ் மேல் போடுவது நியாயமே இல்லை.

வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாலையில் கடைக்காரர்கள் வரிசையில் நிற்கும்போது எனக்கும் வேகம் தேவை. நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் டிஸ்க்கில் நொடிக்குச் சுமார் 60 டிரான்ஸாக்ஷன்தான் (ஒரே மூச்சில் முழுதாகப் பதியும் எழுத்து வேலை) முடியும் என்று அதே ஆவணம் சொல்கிறது. எந்தக் கடையும் நொடிக்கு 60 பில் போடுவதில்லை. உங்கள் மென்பொருள் பில்லின் ஒவ்வொரு வரியையும் தனி டிரான்ஸாக்ஷனாக எழுதுகிறது, தாமதம் அங்கேதான். முழு பில்லையும் ஒரே டிரான்ஸாக்ஷனில் எழுதினால் பாதுகாப்பைக் குறைக்காமலே வேகம் கிடைக்கும்.

இன்னும் வேகம் வேண்டுமென்றால் மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதிவைக்கும், 2010 முதல் எஸ்க்யூலைட்டில் இருக்கும் டபிள்யூஏஎல் முறையில், சிங்க்ரனஸை 'நார்மல்' என்று வையுங்கள். கரண்ட் போனால் கடைசியாகப் போட்ட சில பில்கள் போகலாம், கோப்பு சிதையாது. கேட்டிருந்தால் இதற்கு நானே சம்மதித்திருப்பேன். நெட்வொர்க் ஃபோல்டர் வழியாகப் பல கணினிகளில் ஒரே கோப்பைத் திறக்கும் கடைகளுக்கு மட்டும் டபிள்யூஏஎல் சரிவராது. அவர்களுக்கு சிங்க்ரனஸை, டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருக்கும் 'ஃபுல்' என்றே விடுங்கள், ஜர்னலும் டிஸ்க்கிலேயே இருக்கட்டும்.

சிதைந்த கோப்பிலிருந்து மீட்கக்கூடியதை உங்கள் ஆட்களே, உங்கள் செலவில் மீட்டுத் தர வேண்டும். அடுத்த அப்டேட்டில் இந்த அமைப்பைத் திருத்த வேண்டும். அதுவரை மற்ற கடைகளுக்கும் இந்த ஆபத்தை எழுத்தில் தெரிவியுங்கள், அவர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது. 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்