சின்னவளும் ழகரமும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசும்போதெல்லாம் "பிள்ளைக்குத் தமிழ் எழுத வருதா?" என்று கேட்கிறீர்கள். அதை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே குளிர்காலத்தில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வெளியில் விளையாட வழியில்லை. நான் வேலை முடிந்து வந்ததும் சின்னவளும் நானும் வீட்டுக்குள்தான். வந்த புதிதில் அந்த நேரத்தைப் பாடமாக்கினேன். தினமும் பத்து சொல், ஒவ்வொன்றும் ஐந்து தடவை. ஒரு மாதம் ஓடியது. எழுதிய சொல்லை மறுநாள் கேட்டால் அவளுக்கு ஞாபகம் இல்லை. நோட்டைப் பார்த்தாலே கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். ஒருநாள் "அம்மா, தமிழ் வேண்டாம்" என்று சொன்னாள். அது எனக்கு மிகவும் வலித்தது.

அன்று இரவு நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள். விளக்கை அணைத்தபின் என்னோடு சொல் விளையாட்டு ஆடுவீர்களே, ஒருவர் சொன்ன சொல் முடியும் இடத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். அதையே இவளோடு ஆரம்பித்தேன். அவளுக்கு ஏற்றபடி விதியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டோம். சொல் புள்ளி எழுத்தில் முடிந்தால் அந்த எழுத்தின் வரிசையில் தொடங்கலாம். உயிர்மெய்யில் முடிந்தால் அதில் இருக்கும் உயிரை எடுத்துக்கொள்ளலாம். மரம் என்றால் மாடி, மாடி என்றால் இலை. ன், ண் வந்தால் ந வரிசைக்குப் போகலாம். ரயில், லாரி போன்ற சொற்களுக்கும் அனுமதி உண்டு.

நாலைந்து நாள் தோற்றுக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒருநாள் நான் "மீதி" என்றேன். அவள் "இதழ்" என்றாள். நான் யோசித்தேன், யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. அவள் கட்டிலில் எழுந்து நின்று, "அம்மா, ழ-வில ஆரம்பிக்கிற சொல்லே கிடையாது!" என்று கத்தினாள். அப்பா, மொழிக்கு முதலில் வரும் எழுத்து எது, வராத எழுத்து எது என்று நான் எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தேன். இவள் ஏழு வயதில் என்னைத் தோற்கடிப்பதற்காக அதைத் தானே கண்டுபிடித்துவிட்டாள்.

அதிலிருந்து ழ் என்று முடியும் சொற்களைப் புதையல் போலச் சேர்க்கிறாள். புகழ், யாழ், தமிழ், திகழ். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு விரலை ஓட்டித் தேடுகிறாள். அதனால் புது விதி ஒன்று போட்டேன்: சொன்ன சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொன்னால்தான் செல்லும். "தாழ்" என்று கண்டுபிடித்த அன்று ஓடிப்போய்க் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டு, "இதுதானே?" என்று கேட்டாள். அந்தச் சொல்லை அவள் இனி மறக்கமாட்டாள். ஐந்து தடவை எழுதிய எதுவும் அப்படித் தங்கவில்லை.

அடுத்து அட்டை விளையாட்டு. எழுத்து அட்டைகளைச் சேர்த்துச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளைத் தமிழில் செய்து பார்த்தோம். அதை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் அட்டைகளின் எண்ணிக்கையை முடிவு செய்தார். ஆங்கிலத்தில் மொத்தம் 100 அட்டை. அதில் ஈ எழுத்துக்கு மட்டும் 12, க்யூவுக்கு ஒன்றே ஒன்று. நமக்கோ 247 எழுத்து! மலைத்துப்போனோம். பிறகு கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி, புள்ளி இவற்றைத் தனித்தனியாக வெட்டினோம். கி, கீ, கு, கூ வரிசைகளில் எழுத்தின் உருவமே மாறுவதால் அந்த 72 எழுத்தையும் முழுதாகவே வெட்ட வேண்டியிருந்தது. எந்த எழுத்தை அதிகம் வெட்டுவது என்று பார்க்க, அவளும் ஒரு கதைப் பக்கத்தை எடுத்து வைத்து ஒவ்வொரு எழுத்துக்கும் கோடு போட்டு எண்ணினாள். ஒரு மணி நேரம் அசையவில்லை. உட்கார்ந்து படி என்று சொல்லியிருந்தால் பத்து நிமிடம்கூட இருந்திருக்கமாட்டாள்.

பேச்சும் சொல்லும் வந்துவிட்டது, எழுத்துதான் வரவில்லை. அதற்குக் கை கொடுத்தது அவளுடைய கரடிப் பொம்மை. செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டுத் தபால் பெட்டி செய்தோம். ஒருநாள் காலையில் கரடியிடமிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது: "நேற்று என்னைக் கட்டிலுக்கு அடியில் விட்டுவிட்டாயே, ஏன்?" பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் பென்சிலைத் தேடி எடுத்து, ஐந்து வரி மன்னிப்புக் கேட்டு எழுதினாள். எழுது என்று நான் சொல்லவே இல்லை. யாரோ காத்திருக்கிறார்கள், பதில் வரும் என்று தெரிந்ததும் அவளுக்கே எழுதத் தோன்றியது.

பிழைகள் இருந்தன, நிறையவே. சிவப்பு மையை எடுக்கக் கை துடித்தது, அடக்கிக்கொண்டேன். "நேற்று மலை பெய்தது" என்று ஒருநாள் எழுதியிருந்தாள். கரடி பதில் போட்டது: "ஐயோ, மலையா பெய்தது? தலையில் பாறை விழுந்திருக்குமே! எங்கள் பக்கம் மழைதான் பெய்தது." அவள் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ல-வையும் ழ-வையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு மழையை அவள் தப்பாக எழுதவில்லை. வேறு நூறு பிழை வருகிறது, வரட்டும். ஒரு கடிதத்துக்கு ஒரு பிழையை மட்டும் கரடி கவனிக்கும், மற்றதை விட்டுவிடும். எல்லாவற்றையும் திருத்தினால் தெரிந்த சொல்லை மட்டும் வைத்துப் பத்திரமாக எழுதப் பழகிவிடுவாள். எழுத்துக்கூட்டத் தெரியாத சொல்லையும் அவள் துணிந்து எழுத வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இப்போது கரடிக்கு மட்டும் எழுதி அவளுக்குப் போதவில்லை. இந்த உறைக்குள் உங்களுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறாள். நான் படித்தேன், ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. நீங்களும் பிழையைச் சுட்டிக்காட்டாமல் உங்கள் கையெழுத்திலேயே பதில் எழுதுங்கள். பாதியில் நிற்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டு முடியுங்கள், உடனே திருப்பி எழுதுவாள். ழ் என்று முடியும் சொல் ஒன்று அவளிடம் இல்லாததாகப் பார்த்துச் சேர்த்து அனுப்புங்கள். அதை என்னிடம் சொல்லக்கூடாது என்று கட்டளை போட்டிருக்கிறாள். நான் ஜெயித்து வெகுநாள் ஆகிறது.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்